இப்படிக்கா வா

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சங்கராபுரத்தில், பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு ஜெராக்ஸ் கடையில். ஆதார் அட்டையைக் கொடுத்துவிட்டு நின்றேன். கடைக்கார அம்மாள் அட்டையை மெஷினில் வைத்து மூடிவிட்டு, மேசைமேல் கிடந்த போனைப் பார்த்தார். போனில் வங்கக் கடல். நடுவே பச்சையும் சிவப்புமாக ஒரு புயல் சுழன்றுகொண்டிருந்தது. கோழிக்குஞ்சைக் கூப்பிடுகிற குரலில் அந்த அம்மாள் அதனிடம் சொன்னார்: "வா, இப்படிக்கா வா."

புயலை வராதே என்று கும்பிடுகிறவர்களைத் தெரியும். லீவுக்காக வரச் சொல்லும் பிள்ளைகளையும் தெரியும். ஐம்பது வயதில் ஒருவர் தனியாக உட்கார்ந்து அதை ஏன் கூப்பிட வேண்டும்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கதை கிடைத்திருக்காது. ஆகவே இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது. (அட்டையின் பின்பக்கத்தை நகலெடுக்க இருவருமே மறந்துவிட்டோம். அது மட்டும் நடந்தது.)

2

முதல் தொடக்கம்: அந்தமானுக்கு அருகே நிலைகொண்டிருந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மேலும் வலுப்பெற்று, வடமேற்குத் திசையில்

இது வானொலிச் செய்தி. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: கல்வராயன் மலைமேல் கருமேகங்கள், ஆற்ற முடியாத துயரம்போல

சே. மலைமேல் மேகம் கட்டினால் மழை வரும், அவ்வளவுதான்.

மூன்றாவது: ஜெயசுதாவுக்குப் புயல் என்றால் பிள்ளையின் குரல்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

ஜெயசுதாவின் கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன் அஜித். பெங்களூரில் மோட்டார் ரிப்பேர் வேலை. (முதலில் பகலவன் என்று பெயர் வைத்தேன். புயலுக்கு மட்டும் தலைகாட்டுகிறவனுக்குச் சூரியன் பெயரா என்று எனக்கே சிரிப்பு வந்தது. அவன் வயதில் தெருவுக்கு இரண்டு அஜித் உண்டு.) அவன் தானாக ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொண்டான். அம்மா கல்யாணத்துக்குப் போகவில்லை. பெரிய சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. அம்மாவாகப் பேசட்டும் என்று அவனும், அவனாகப் பேசட்டும் என்று அம்மாவும் இருந்ததில் பேச்சு நின்றுபோனது.

போன புயலில் கடையின் தகரம் பிய்த்துக்கொண்டு போனது. அன்று சாயங்காலம் போன் அடித்தது.

"வூடு இருக்குதாம்மா?"

"இருக்குதுடா."

"மழ ஜாஸ்தியா?"

"மலைப்பக்கம் ஜாஸ்தி. கோமுகி ஆத்துல தண்ணி பொரண்டுக்கினு போவுதாம்."

"கரண்ட்டு?"

"இல்ல. போன்லயும் சார்ஜு கம்மி."

"சரி, வெச்சிடு. சாப்புடு."

அந்த 'சாப்புடு'வை வைத்துக்கொண்டு அவள் பல நாள் சாப்பிட்டாள். மழை விட்டது. போனும் நின்றது.

4

அதிலிருந்துதான் ஜெயசுதா கடலைப் பார்க்க ஆரம்பித்தாள். சங்கராபுரத்தில் ஏது கடல்? போனில்தான். காற்று சுழல்வதைக் காட்டும் செயலி ஒன்றை, நகலெடுக்க வந்த கல்லூரிப் பெண் போட்டுக்கொடுத்தாள். தாழ்வுப் பகுதி தாழ்வு மண்டலம் ஆவதையும், அது புயலாக எழுவதையும், பிள்ளை தவழ்ந்து எழுந்து நிற்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஐரோப்பாக்காரர்களின் கணிப்பு மரக்காணம் என்றால் முகம் மலரும். அமெரிக்காக்காரர்களின் கணிப்பு ஆந்திரா என்றால் சோறு இறங்காது. யூடியூபில் ஒரு தம்பி "பதற்றம் வேண்டாம் மக்களே" என்றால், "ஒன்ன யார்டா கேட்டா?" என்று அவனைத் திட்டுவாள்.

ஊர் அவளுக்குப் 'புயலக்கா' என்று பெயர் வைத்தது. பக்கத்து டீக்கடைக்கு வருகிறவர்கள் அவளிடம் நிலவரம் கேட்டுவிட்டுத்தான் டீ சொல்வார்கள். அவர்களில் கொளஞ்சியப்பன் கேட்பது விளையாட்டுக்கல்ல. மலையடிவாரத்தில் குத்தகை நிலம். மக்காச்சோளம் முற்றி நிற்கிறது.

"எங்கக்கா வருது?"

"இழுத்துக்கினு கெடக்குது. தெரியல."

"இன்னும் ஒரு வாரம் காஞ்சா போதும்க்கா. இப்ப அடிச்சா எல்லாம் சாஞ்சி, தண்ணியில முளைச்சிடும். இப்படிக்கா வராதுன்னு ஒரு வார்த்த சொல்லுக்கா."

அவள் திரும்பி மெஷினில் தாள் அடுக்கினாள். அவன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

5

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். புயல் என் கையில் இருக்கிறது. ஒரு வரி எழுதினால் திரும்பும்.

முடிவு ஒன்று: புயல் மரக்காணத்தில் கரையேறி, கல்வராயன் மலையில் முட்டி, கொட்டித் தீர்க்கிறது. அஜித் போன் செய்கிறான். கொளஞ்சியப்பன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு

இல்லை. அவனைத் தண்ணீரில் நிறுத்திவிட்டு என்னால் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

முடிவு இரண்டு: புயல் கடலிலேயே வலுவிழக்கிறது. சோளம் பிழைக்கிறது. ஜெயசுதா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மெஷினைத் துடைக்கிறாள்.

இதை எழுதி முடித்தபோது என் அறையில் அப்படியொரு அமைதி. எனக்கும் நலம் கேட்டு யாரும் போன் செய்வதில்லை. எங்கள் பக்கம் புயலும் வருவதில்லை. இந்த முடிவை என்னால் பொறுக்க முடியவில்லை.

'இவளே கூப்பிட்டால் என்ன?' என்று நீங்கள் கேட்பீர்கள். கொளஞ்சியப்பனும் அதையே கேட்டான்.

"புள்ளகிட்ட பேசணும்னா நீயே போடேன்க்கா."

ஜெயசுதா ஒரு தாளை எடுத்தாள், மடித்தாள், பிரித்தாள்.

"புயலு இல்லாம, இன்னான்னு சொல்லி ஆரம்பிக்கறது?"

6

புயலை நகர்த்தினால் கொளஞ்சியப்பன் அழிவான். அதனால் மகனை நகர்த்தினேன்.

மூன்றாம் பகுதிக்குப் போய்ப் 'பெங்களூர்' என்பதை அடித்துவிட்டு 'ஓங்கோல்' என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆந்திரக் கடற்கரை, இறால் பண்ணையில் மோட்டார் ரிப்பேர், பண்ணையை ஒட்டித் தகரக் கொட்டகையில் குடித்தனம். வேலையைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. சாமர்த்தியம்தான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சல் அடுத்த பத்தி வரைக்கும்தான்.

மறுநாள் காலை புயல் வடக்கே திரும்பியது. கொளஞ்சியப்பன் கையில் டீயோடு கடைக்கு ஓடிவந்தான்.

"போயிடுச்சுக்கா! தப்பிச்சோம்! டீ குடி, என் காசு!"

ஜெயசுதா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஐரோப்பா, அமெரிக்கா, இரண்டு கோடுகளும் ஒருவழியாக ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்திருந்தன. அந்த இடத்தின் பெயரை அவள் விரலால் பெரிதாக்கினாள்.

"இன்னாக்கா? அங்க யாரு?"

"அஜித்து."

கொளஞ்சியப்பன் டீயை மேசைமேல் வைத்தான்.

"இப்படிக்கா வான்னுதானே சொன்னேன்," என்றாள் ஜெயசுதா. "அங்க போன்னு நான் சொல்லலியே கொளஞ்சி."

சொல்லவில்லைதான். சொன்னவன் நான். (இதைப் படிக்கிற யாரும் அவளிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.)

"இப்பத்தான் சொல்றதுக்கு இருக்குதேக்கா," என்றான் அவன். "போடு."

7

போட்டாள். தெலுங்கில் ஒரு பெண் குரல் என்னவோ சொன்னது. அதையே இங்கிலீஷிலும் சொன்னது. அதில் ஒரு சொல் அவளுக்குப் புரிந்தது.

"பிஸியாம். யார்கிட்டயோ பேசிக்கினு இருக்கான்."

"இன்னொருவாட்டி போடுக்கா."

மறுபடியும் அதே குரல். மறுபடியும்.

அவன் யாரோடு பேசுகிறான்? பண்ணை முதலாளியோடு இருக்கலாம், மாமனாரோடு இருக்கலாம். அல்லது, தகரம் படபடக்கும் கொட்டகையில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, சொல்வதற்கு ஒருவழியாக விஷயம் கிடைத்த அவனும் சங்கராபுரத்துக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம். நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று அவன் காதில் தமிழில் விழுந்துகொண்டிருக்கலாம். அம்மாவுக்குப் பேச வேறு ஆள் இருக்கிறது என்று அவன் நினைத்துக்கொள்ளலாம்.

எது என்று நான் எழுதப்போவதில்லை. புயலையும் மகனையும் நகர்த்திப் பார்த்துவிட்டேன். இனி எதன்மேலும் கைவைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

டீ ஆறுகிறது. ஜெயசுதா மறுபடியும் அழுத்துகிறாள். போனைக் கொஞ்ச நேரம் கீழே வைக்கச் சொல்லி, யாராவது அவளிடம் சொல்லுங்களேன்.