மிஷின் இருக்கிற அறை

தையல்காரிக்கு வாய் நீளம். இருக்கட்டுமே, வாய் உள்ள பிள்ளைதானே பிழைக்கும்? புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனபின், கால் விறைத்த ஏழு வயதுப் பெண்ணை இடுப்பில் சுமந்துகொண்டு எத்தனை வரிசையில் நின்றிருப்பாள்! கொஞ்சம் அசந்தால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

பல்கலைக்கழகத்துக்காரர்கள் சமுதாயக் கூடத்துக்கு வந்தார்கள். கால் விறைத்த பிள்ளைகளுக்கு ஒரு வருஷத் திட்டம். இரண்டு அறை, நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பேராசிரியர் மைக்கில் விளக்கிக்கொண்டிருந்தபோது தையல்காரி இரண்டு அறையையும் எட்டிப் பார்க்கப் போயிருந்தாள். அங்கேதான் வந்தது வினை.

நீல அறையில் என்ன இருந்தது? தரையில் பாய், ரெண்டு ரப்பர் பந்து, சுவரோரம் பிடித்து நடக்க ஒரு கம்பி. மஞ்சள் அறையிலோ ஏசி, கட்டில், பளபளவென்று ஒரு மிஷின், அதிலிருந்து வயர்கள், திரையில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. அவள் மகள் சிட்டுவுக்கு விழுந்ததோ நீலச் சீட்டு. எதிர்வீட்டு இஸ்திரிக்காரியின் மகன் குண்டனுக்கு மஞ்சள்.

“நல்லா இருக்கே நியாயம்! பந்து விளையாடவா வேலையைப் போட்டுட்டு வந்தேன்?” என்று பொருமினாள். உடனே குரலில் தேன் தடவிக்கொண்டாள். “அக்கா, உங்க பையன் ஒரு இடத்துல படுப்பானா சொல்லுங்க. பந்துன்னா அவனுக்கு உசுரு. சீட்டை மாத்திக்கலாமா?”

இஸ்திரிக்காரி வாயில்லாப் பூச்சி. “உனக்கு எது சரின்னு படுதோ செய்ம்மா” என்றாள்.

பெயர் பதிந்துகொண்டிருந்த மாணவிதான் தடுத்தாள். “அப்படி மாத்தக்கூடாதுங்க. மஞ்சள் ரூம்ல வெறும்...”

“வெறுமாவது கிறுமாவது! எங்களுக்கெல்லாம் மிஷின் எதுக்குன்னு நினைக்கிறியா? கேக்க ஆளில்லன்னா?” கூடமே திரும்பிப் பார்த்தது. மாணவி புதுசு, பாவம், பயந்துபோய் மாற்றி எழுதிவிட்டாள்.

அதன்பிறகு ஒரு சனிக்கிழமை தவறவில்லை தையல்காரி. மழையா, காய்ச்சலா, முதலாளி கத்துகிறானா, எல்லாம் அப்புறம். கட்டிலில் சிட்டுவைப் படுக்கவைத்து வயர் ஒட்டுவார்கள். “அசையாம இருக்கணும் தங்கம்” என்பார்கள். மிஷின் நன்றாக வேலை செய்யட்டும் என்று தையல்காரி வீட்டிலும் மகளை அசையாமல் படுக்கப் பழக்கினாள். அசைந்தால் தொடையில் ஒரு கிள்ளு.

ஒருநாள் இஸ்திரிக்காரி தயங்கித் தயங்கி வந்தாள். “அங்க காலை நீட்டி மடக்கச் சொல்லிக்குடுத்தாங்க. சிட்டுவுக்கும் காட்டட்டுமா?”

“அய்யோ வேணாங்க்கா! ரெண்டு வைத்தியத்தைக் கலந்தா ரெண்டும் கெட்டுடும்” என்று அனுப்பிவிட்டு, உள்ளே வந்து சிரித்தாள். பந்து உருட்டுகிறவள் எனக்குப் பாடம் எடுக்க வருகிறாள் பார்!

முன்பு சுவரைப் பிடித்துக்கொண்டாவது நின்ற சிட்டு, வருஷக் கடைசியில் அதையும் விட்டாள். முழங்கால் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டது. நோய் இறங்கும்போது அப்படித்தான் இழுத்துப் பிடிக்கும் என்று தையல்காரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்பினாள் பாவி, முழுசாக நம்பினாள்.

நிறைவு விழா அன்று மேடையில் குண்டன் நடந்தான். கம்பி இல்லை, பிடிமானம் இல்லை, தள்ளாடித் தள்ளாடித் தானாகவே நடந்தான். தையல்காரிக்குத் திக்கென்றது. பந்து உருட்டினவனே நடக்கிறானா?

பேராசிரியர் மைக்கைப் பிடித்தார். “நீல அறைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தோம். மஞ்சள் அறைப் பிள்ளைகளுக்கு எதுவும் கொடுக்கலை, வாரா வாரம் அளந்து மட்டும் பார்த்தோம். பயிற்சி இல்லன்னா கால் எவ்வளவு மோசமாகும்னு தெரியணும் இல்லையா? இப்ப தெரிஞ்சிடுச்சு.” நல்ல கைதட்டல். “ஒரு வாரம்கூடத் தவறாம மஞ்சள் அறைக்கு வந்த தாய்க்கு எங்க பரிசு.”

பரிசு ஒரு சுவர்க் கடிகாரம். அதை வாங்கியபடியே தையல்காரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “சார், இனிமே எம் பொண்ணுக்கும் அந்தப் பயிற்சி...”

“நிச்சயமா. அடுத்த மாசத்திலேர்ந்து மஞ்சள் அறைக்கும் உண்டு” என்றவர், கீழே நாற்காலியில் கிடந்த சிட்டுவின் முழங்காலைப் பார்த்தார். குரல் தணிந்தது. “இது இறுகிடுச்சேம்மா. இதுக்கு இனிமே பயிற்சி பலிக்காது. ஆபரேஷன்தான். அது எங்க திட்டத்துல இல்லை.” அடுத்த ஆள் சால்வையோடு காத்திருந்தார். பேராசிரியர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தையல்காரி எப்படி இறங்கி வந்தாள், சிட்டுவை எப்போது மடியில் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. யாரைத் திட்டுவது? கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கியவள் யாரைத் திட்ட முடியும்?

இஸ்திரிக்காரி ஓடிவந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். அவள் மனசில் துளி விஷமில்லை, அதுதான் கொடுமை. “நீ நல்லா இருக்கணும்மா. அன்னைக்கு நீ மட்டும் சீட்டை மாத்தலன்னா எம் புள்ளை ஏது, நடை ஏது? டேய் குண்டா, அத்தைகிட்ட போ. போய் ஒரு முத்தம் குடு.”

குண்டன் சிரித்துக்கொண்டே அடி எடுத்து வைத்தான். பக்கத்தில் வந்ததும் பிடித்துக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினான். தையல்காரியும் பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள். நீட்டியவள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

பையன் குப்புற விழுந்தான். அவன் அழவில்லை. உள்ளங்கையை ஊன்றினான், ஒரு முட்டியை முன்னால் கொண்டுவந்தான், இடுப்பை நிமிர்த்தினான். நீல அறையில் சொல்லிக்கொடுத்திருந்தபடி ஒன்று விடாமல் செய்து, யார் உதவியும் இல்லாமல் எழுந்து நின்றான்.

எல்லோரும் தட்டினார்கள். மடியில் கிடந்த சிட்டுவும் தட்டினாள்.