மிளகாய் போடாத நாட்கள்

சாலமன் அண்ணன் போன் செய்து ஐந்து நாட்கள் ஆகின்றன. அவர் புதுச்சேரியில் சுற்றுலா வழிகாட்டி. பிரெஞ்சுக்காரர்கள் வரவில்லை என்றார். காரணத்தையும் சொன்னார். “நைனாகிட்ட பக்குவமா சொல்லும்மா” என்று வைத்துவிட்டார். நான் இன்னும் சொல்லவில்லை.

பிரான்சில் ஜெர்மன் கார்களுக்குக் கதவுப் பிடி செய்கிற ஒரு தொழிற்சாலை. அதன் ஊழியர்கள் வருடா வருடம் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் குழுக்களாக வருவார்கள். எங்கள் ஊர்க் கோட்டையில் ஏறி இறங்கி, மதியம் எங்கள் வீட்டில் சாப்பிடுவார்கள். அந்த இரண்டு மாதத்தை வைத்துத்தான் எங்களுக்கு மீதி வருடம் ஓடும்.

அவர்கள் வருவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே வீட்டில் மிளகாய் கிடையாது. அம்மாவின் கை பழக வேண்டும் என்று நைனா வைத்த வழக்கம். யாருக்கும் தேவைப்படாத அந்தச் சாம்பாரை மூன்று பேரும் தினமும் சாப்பிடுகிறோம்.

இன்று மதியம் சிங்கவரத்திலிருந்து ராமகிருஷ்ணன் வந்தார். சாலை வேலைக்கு ஆள் சேர்த்துத் தருபவர். அம்மா தட்டு வைத்தாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னா அண்ணி, வூட்ல யாருக்கு அம்மை?”

“எங்களுக்குத் தவக்காலம் முன்னாடியே வந்துட்டுது” என்றாள் அம்மா.

அவர் நைனா பக்கம் திரும்பினார். “ரோடு போட முப்பது பேரு வந்துருக்காங்கண்ணே. மூணு வேள சாப்பாடு, ஆறு மாசத்துக்கு. திங்கக்கிழமையிலர்ந்து செய்யணும். இல்லன்னா ஆக்கிப் போட தனகோட்டி காத்துக்கினு இருக்குது.”

“திங்கக்கிழமை பிரான்சுக்காரங்க வராங்கப்பா” என்றார் நைனா. “முடியாது.”

ராமகிருஷ்ணன் கை கழுவிவிட்டு வாசலுக்குப் போனார்.

“நைனா, அவங்க வரல.”

சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நைனாவுக்குக் கேட்டது.

“யார் சொன்னா?”

“சாலமன் அண்ணன். அஞ்சு நாளாச்சு.”

அம்மா என்னையே பார்த்தாள். நைனா தட்டில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினார்.

“இந்த வருஷம் இல்லன்னா அடுத்த வருஷம் வருவாங்க. நாம அடுப்ப வேற ஆளுக்கு வுட்டுட்டா அவங்க வேற வூட்டப் பாத்துக்குவாங்க. ராமகிருஷ்ணா, நீ தனகோட்டி வூட்டுக்கே போப்பா.”

ராமகிருஷ்ணன் ஒரு காலில் செருப்போடு நின்றார்.

“அடுத்த வருஷமும் வர மாட்டாங்க நைனா. ஜெர்மனியில கார் விக்கலையாம். அந்த ஃபேக்டரியயே மூடிட்டாங்க.”