முதுகு மாப்பிள்ளை

எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு நாற்பது வயது நிறைந்த ஆண்டில் முன்பக்கம் இல்லாமல் போயிற்று. அன்று முதல் அவரை எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் முதுகுதான் தெரிந்தது. எதிரே போய் நின்றாலும் முதுகு, சுற்றி வந்தாலும் முதுகு. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்தால் இருவருக்கும் அதே பிடரி, அதே கோட்டின் நடுத்தையல். இதைப் பற்றி ஊரில் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் பேசட்டும், நடந்தது இதுதான்.

மாப்பிள்ளை நகரத்து இசைக்குழுவின் நடத்துநர். வயலின், செல்லோ, புல்லாங்குழல், ட்ரம்பெட் என்று அறுபது எழுபது பேர் உட்கார்ந்து வியர்க்க வியர்க்க வாசிப்பார்கள். இவர் அவர்களுக்கு எதிரே ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி, சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு குச்சியை ஆட்டுவார். தம் ஆயுளில் அவர் மேடையில் எழுப்பிய ஓசை என்று எதுவும் கிடையாது. பெண் கேட்டு வந்தபோது, தாம் கண்டக்டர் என்று சொன்னார். பெண்ணின் தகப்பனார், ஓய்வு பெற்ற நீதிபதி, "எந்த ரூட்டு?" என்று கேட்டார். குசும்பு என்று சிலர் சிரித்தார்கள். அவர் நிஜமாகத்தான் கேட்டார். விசிலடித்து வண்டியை நிறுத்துகிற மனிதர்மீது அவருக்கு மதிப்பு உண்டு. விவரம் தெரிந்த பிறகு அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பெண் சம்மதம் என்றாள், கல்யாணம் நடந்தது.

முகம் போன நாளன்று எங்கள் குடும்பம் மொத்தமும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது. அன்றைய இசையில் முடிவுக்குச் சற்று முன் எல்லாரும் ஒரு கணம் ஓய்ந்து, பிறகு ஒரேயடியாக முழங்க வேண்டும். அந்த ஓய்வில் மாப்பிள்ளையின் கை தவறுதலாக ஒருமுறை இறங்கிவிட்டது. அனுபவசாலிகள் யாரும் அசையவில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த ட்ரம்பெட்காரர் மட்டும் குச்சியை நம்பி ஊதினார். அந்த நிசப்தத்தில் அவர் ஊதியது மாடு கத்தியது போலக் கேட்டது, சபை சிரித்தது. மானமுள்ளவன் என்றால் இசை முடிந்ததும் திரும்பி, தவறு என்னுடையது என்று நெஞ்சில் கை வைத்துக் குனிந்திருப்பான். மாப்பிள்ளை திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்தபடியே நின்று, நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து, ஓரக் கதவு வழியாக வெளியேறினார். மறுநாள் பழியை ட்ரம்பெட்காரர் தலையில் கட்டி அவரை வேலையை விட்டும் அனுப்பினார். எங்கள் வம்சத்தில் இன்றுவரை புறமுதுகு காட்டியவர் கிடையாது. கல்யாணம் செய்து கூட்டி வந்த ஆள் காட்டினார். கச்சேரியன்று இரவே, வீட்டுக்குள் நுழைந்து காலணியைக் கழற்றியபோது அவருக்கு முன்பக்கம் இல்லை.

மருத்துவர் நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டியிருக்கிறேன் என்று பிடரிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. முதுகு நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பதாக மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பாஸ்போர்ட் அலுவலகத்தில் முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தார்கள். பிறகு பிடரியைப் படமெடுத்து ஒட்டி, நேரில் இருப்பதைப் போலவே இருக்கிறது என்று முத்திரை குத்தினார்கள். சாப்பாட்டு மேசையில் தட்டை முதுகின் முன் வைத்தால் கை வந்து எடுக்கும், தோளுக்கு அந்தப் பக்கம் மெல்லும் சத்தம் கேட்கும், தட்டு காலியாகும். வீட்டுப் பூனை மட்டும் கடைசிவரை அவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

வெட்கப்பட்டு மூலையில் உட்கார்ந்திருந்தால் எங்களுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அப்போதுதான் அவர் புகழின் உச்சிக்குப் போனார். அப்படி ஒரு முதுகை உலகம் கண்டதில்லை என்று பத்திரிகையில் எழுதினார்கள். வலது தோள்பட்டை துயரத்தைப் பேசுகிறதாம், இடுப்புக்கு மேல் விடுதலை வேட்கை தெரிகிறதாம். கோட்டு தைத்த தையற்காரருக்கு இதெல்லாம் தெரியாது. துணி அங்கே கொஞ்சம் கூடுதல், அதனால் சுருங்குகிறது என்றார். கடல் கடந்த நகரங்களிலிருந்து அழைப்பு வந்தது. அரங்க வாசலில் அவருக்குச் சிலை வைத்தபோது சிற்பிக்குப் பாதி வேலை மிச்சமாயிற்று. எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட அவரை முதுகு மாப்பிள்ளை என்றுதான் சொன்னார்கள். நீதிபதி அந்தப் பெயரைக் கேட்ட நாளிலிருந்து மாலை நடையை நிறுத்திவிட்டார். முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துப் பேர் வாங்கியவர் அவர். சொந்த மருமகனிடம் ஒரு வார்த்தை விசாரிக்க வழியில்லாமல் போனது அவரை உள்ளே அரித்தது.

முகம் போன மறுவருடம் மகள் பிறந்தாள். அது எப்படி என்று கேட்ட உறவினர்களுக்கு நீதிபதி வாசலைக் காட்டினார்.

அந்தப் பெண் அப்பாவின் முதுகைப் பார்த்தே வளர்ந்தாள். பேச்சு வந்ததும் கேட்ட கேள்வி, "அப்பாவுக்கு மூக்கு இருக்கா?" என்பது. அம்மா இருக்கிறது என்று சொல்லி விவரிப்பாள். நேரான மூக்கு, கொஞ்சம் ஏறிய நெற்றி. வருடம் போகப் போக அந்த விவரம் மாறிக்கொண்டே வந்தது. கல்யாணப் படங்களிலும் முகம் இருந்த இடத்தில் பிடரி வந்து உட்கார்ந்திருந்ததால் சரிபார்க்க வழியில்லை. ஒருநாள் அம்மா வெகு அக்கறையாக ஒரு முகத்தை விவரித்து முடித்தபோது, மகள் எழுந்து போய்க் குளியலறையிலிருந்து சோப்பு அட்டையை எடுத்து வந்து காட்டினாள். அதில் சிரித்துக்கொண்டிருந்த ஆள்தான் அது. அம்மா அன்று சமைக்கவில்லை. அப்புறம் அவள் முகத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டாள். அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லையோ என்று அவள் பயந்தாள். மகளுக்கும் அதே பயம்.

அவர் குச்சியோடு பெட்டியில் நிற்கும்போது மட்டும் எதிரே இருக்கும் வாத்தியக்காரர்களுக்கு முகம் தெரியும் என்று ஒரு பேச்சு இருந்தது. மகள் அரங்கத்தின் பின்கதவில் காத்திருந்து, மூத்த வயலின்காரரைப் பிடித்து விசாரித்தாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"நாங்க எங்கம்மா அவரைப் பாக்கறோம்? அவரைப் பாத்தா வாசிக்க முடியாது. தாளைப் பாத்து வாசிக்கறோம், பக்கத்துல இருக்கறவனைப் பாத்து வாசிக்கறோம்."

"அப்ப யாருமே பாக்கறதில்லையா, மாமா?"

"பின்னாடி பெரிய முரசுக்காரர் இருக்காரு. அவருக்கு எப்பவாவதுதான் வேலை. மத்த நேரம் சும்மா நிக்கறவரு, பாத்தாலும் பாத்திருப்பாரு. ஆனா அவருக்குக் கண்ணு சரியில்ல. இன்னும் சில வருஷத்துல ரிட்டையர் ஆகிடுவாரு."

அவள் முரசு படிப்பேன் என்றாள். செம்பு அண்டா மாதிரி நாலைந்தை வரிசையாக வைத்துத் தோல் கட்டி அடிப்பதற்குப் பெயர் பெரிய முரசு. நீதிபதியின் பேத்தி, இரண்டு கையிலும் கட்டையை வைத்துக்கொண்டு, நாலு பேர் பார்க்க நின்று அடிப்பதா என்று குடும்பம் கூடியது. நானூறு பக்கத் தீர்ப்பை நிறுத்தாமல் வாசித்தவர் அன்று பாதி வாக்கியத்தில் நின்றார். காரணம், கூட்டத்தில் என்றும் வாய் திறக்காத அவர் மகள் எழுந்து நின்றிருந்தாள்.

"அவ போய்ப் பாத்துட்டு வரட்டும்பா. என்னால முடியல, அவளாவது பாக்கட்டும்."

கூட்டம் கலைந்தது. அந்தப் பெண் சாமான் அறையில் தலையணைகளை அடுக்கி வைத்து அடித்துப் பழகினாள், அவை பஞ்சு கக்கின. பல வருடங்கள் அப்படிப் போயின. முரசுக்காரர் ஓய்வு பெற்றபோது அவளும் விண்ணப்பித்தாள். ஆள் எடுக்கும்போது வேண்டியவன் வேண்டாதவன் பார்க்கக் கூடாது என்பதற்காக இந்தக் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. வாசிப்பவர் திரைக்குப் பின்னால் இருப்பார், கேட்பவர்கள் முன்னால் இருப்பார்கள். மாப்பிள்ளை திரையைப் பார்த்து உட்கார்ந்து, ஆறு பேர் அடித்ததைக் கேட்டுவிட்டு, இந்தக் கை என் கையைவிட உறுதியானது, இவர் வேண்டும் என்றாராம். திரையை விலக்கியதும் அவர் தோள்கள் கொஞ்சம் உயர்ந்து இறங்கியதாகச் சொல்கிறார்கள். ஒரு முதுகிலிருந்து அதற்கு மேல் எதையும் படிக்க நாங்கள் பத்திரிகைக்காரர்கள் அல்ல.

முதல் ஒத்திகையன்று நீதிபதி கூடத்தில் நாற்காலியை வாசலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பேத்தி வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"இருக்கா?"

"இருக்கு தாத்தா."

"எப்படி?"

அவள் அம்மாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். மூக்கு நேரானதில்லை, சற்று வளைந்தது. வாய் நிற்காமல் ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டே இருக்கிறது. குச்சி எழுபது பேருக்கு உத்தரவு போடுகிறது, கண்களோ எழுபது பேரிடமும் மாறி மாறி, சரியா, சரியா என்று கேட்டுக் கெஞ்சுகின்றன. யாரும் பார்க்காததால் யாரும் பதில் சொல்வதில்லை. முரசு அடிக்க வேண்டிய இடம் வந்தபோது அவர் அவளைப் பார்த்தார், அவளும் பார்த்தாள். அவருக்கு வியர்த்துவிட்டது.

"ரொம்பப் பயந்த முகம்மா," என்றாள். "தப்பு பண்ணிட்டு மாட்டிக்கப் போற பையன் மாதிரி."

நீதிபதி திருப்தியாகச் சாய்ந்துகொண்டார். இத்தனை வருடம் தாம் மனதில் எழுதி வைத்திருந்த தீர்ப்பு சரியாகவே வந்தது. அந்த வீட்டில் பிறந்த யாருக்கும் அப்படி ஒரு முகம் வாய்த்ததில்லை என்று அவர் சொன்னார், அது உண்மை.

ஆனால் அவர் மகள் ஓரடி முன்னால் வந்தாள். சோப்பு அட்டைக்காரன் அந்த நிமிஷமே அவள் நினைவை விட்டுப் போய்விட்டான்.

"ஆமா, அதேதான். நம்ம வீட்டுக்குப் பேச வந்தன்னிக்கும் அப்படித்தான்பா உக்காந்திருந்தாரு," என்றாள். "உங்க யார் மூஞ்சிலயும் நான் பயத்தைப் பாத்ததே இல்ல. அதனாலதான் சரின்னேன்."

நீதிபதி நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு தம் அறைக்குப் போனார்.

அதன்பின் மாப்பிள்ளை முன்போலவே உலகம் சுற்றினார், முதுகும் முன்போலவே பேசப்பட்டது. முன்பக்கம் திரும்பி வரவில்லை, வரும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஒத்திகை முடிந்து தகப்பனும் மகளும் ஒன்றாக வீடு திரும்புவார்கள். அவர் சாப்பாட்டு மேசையில் முதுகாக உட்காருவார். மகள் கை கழுவிக்கொண்டே அம்மாவுக்கு அன்றைய முகத்தைச் சொல்வாள். இன்று தூக்கம் போதவில்லை, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. இன்று புருவத்தில் ஒரு நரை. ஒருநாள், சவரம் செய்யும்போது இடது கன்னத்தில் வெட்டிக்கொண்டிருக்கிறார், மருந்து போடவில்லை என்றாள். அம்மா களிம்பை எடுத்து வந்து முதுகின் முன்னால் வைத்து, "இடது பக்கங்க," என்றாள். கை வந்து அதை எடுத்துக்கொண்டது.