மருமகனின் நம்பர்

ஸைனம்பு தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாள். கிளினிக் கவுண்டரில் இருந்த பிள்ளை வற்புறுத்திக் கேட்கவில்லை, கம்பியூட்டரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. இருந்தாலும் மனுசி அன்று முழுக்க அந்த இரண்டையும்தான் ஏசிக்கொண்டிருந்தாள். ஏசாமல் வேறு என்ன செய்வாள், பாவம்.

அவளுடைய ஒரே மகள் நுஸ்ஹாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. குளிசையைத் தவறவிடாமல் போட்டால் வராது. வராமலும் எத்தனையோ காலமாகிவிட்டது. மகளின் கிளினிக் கொப்பியோடு ஸைனம்புவே போவாள், டொக்டர் மருந்துத் துண்டு எழுதித் தருவார். சொந்த ஊரான மருதமுனையில் தெருவுக்குத் தெரு பாமசி இருக்க, ஸைனம்பு அந்தத் துண்டை மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டு பாண்டிருப்புக்குப் போவாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. மருந்து கைக்கு வந்ததும் துண்டைக் கிழித்துத் தெருவோரக் கானுக்குள் போட்டுவிடுவாள். அதோடு ஊருக்கு எந்தச் சங்கதியும் போய்ச் சேராது.

மாப்பிள்ளை நிப்றாஸின் உம்மா பெண் பார்க்க வந்தபோது, தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "புள்ளைக்கு வருத்தம் ஏதும் இரிக்கா?" என்று கேட்டாள். "அல்ஹம்துலில்லாஹ், ஒண்டுமில்ல" என்றாள் ஸைனம்பு. அல்லாஹ்வைப் புகழ்ந்த வாயோடு அந்தப் பொய்யையும் சேர்த்துச் சொன்னது அவளுக்கு இரவெல்லாம் உறுத்தியது. ஆனால் வாப்பா இல்லாத பிள்ளை. முதலில் வந்த சம்பந்தம் யாரோ காதில் போட்ட ஒரு சொல்லால் கலைந்துபோனது. மறுபடியும் கலைய விட எந்தத் தாய்க்கு மனம் வரும்?

ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கே குடிவந்தான். பெரிய அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஸைனம்பு குசினிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள். தங்கமான மருமகன். கல்முனை பஸாரில் சாரன் துணிக்கடை வைத்திருந்தான். மாமியோடு நேருக்கு நேர் நின்று கதைக்க மாட்டான், எல்லாம் நுஸ்ஹா வாயிலாகத்தான். "உங்கட உம்மாக்கு முழங்கால் ஏலாதே, கிளினிக்குக்கு ஓட்டோவுல போகச் செல்லுங்க" என்பான். முழங்கால் கிளினிக் என்றுதான் அவனிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

அன்றைக்குக் கிளினிக் கவுண்டரில் புதுக் கம்பியூட்டரோடு ஒரு பெண்பிள்ளை இருந்தது.

"அம்மா, இனித் துண்டு தரமாட்டம். ஆளின்ர பேர், வருத்தம், மருந்து எல்லாம் போனுக்கு மெசேஜா வரும், அதைக் காட்டினா எந்தப் பாமசியிலயும் எடுக்கலாம். நம்பரைச் சொல்லுங்கோ."

கரன்ட் பில்லுக்கு, காஸ் சிலிண்டருக்கு, பள்ளிவாசலின் அரிசிப் பதிவுக்கு, எங்கே யார் நம்பர் கேட்டாலும் அந்த ஊரில் பெண்கள் வீட்டு ஆம்பிளையின் நம்பரைத்தான் சொல்வார்கள். பெண்பிள்ளையின் நம்பரைக் கண்டவனுக்கும் கொடுப்பதா? ஸைனம்புவின் கையில் மெசேஜ் வாசிக்கிற போனும் கிடையாது. இப்போது வீட்டு ஆம்பிளை நிப்றாஸ். அவனுடைய நம்பரைக் கலியாணம் முடிந்த கிழமையே பாடமாக்கியிருந்தாள். கலிமா சொல்வதுபோல் தடங்கலில்லாமல் சொன்னாள். பிள்ளை தட்டியது.

"போயிட்டுதம்மா."

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் மெசேஜ் யாருடைய கைக்குப் போயிருக்கிறது என்று ஸைனம்புவுக்கு விளங்கியது.

"மகள், அதத் திருப்பி எடுங்க."

"அனுப்பினதை எடுக்கேலாதம்மா. ஏன், நம்பர் பிழையா?"

நம்பர் சரிதான். அதுதானே சங்கதி.

வீட்டுக்கு வந்து நுஸ்ஹாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "நான் அவருக்கிட்டச் செல்லட்டா எண்டு எத்தினதரம் கேட்டன் உம்மா. நீங்கதான் குர்ஆனத் தொட்டுச் சத்தியம் வாங்கினீங்க" என்றாள். ஸைனம்பு குசினிக்குள் போனாள். ஒருவேளை கடையில் சனம் நிறைந்து அவன் போனைப் பார்க்காமலே இருந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அவனுக்குப் பிடித்த கணவாய்க் கறியை வைத்தாள். யோசனையில் உப்பு கூடிவிட்டது.

பகல் சாப்பாட்டுக்கு நிப்றாஸ் வந்தான். கையில் பாமசிப் பை இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவினான், சாப்பிட்டான், கறியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. பிறகு எழும்பிக் குசினி வாசலுக்கு வந்தான். ஸைனம்பு அவசரமாக முக்காட்டை இழுத்துவிட்டாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் அவளிடம் நேராகக் கதைத்தது அன்றுதான்.

"மாமி, மருந்து எடுத்து வந்திரிக்கன். அதுல ஒருநாளும் குறை வைக்கப்படாது."

"மகன்..."

"என்ட உம்மா உங்களுக்கிட்டக் கேட்டவ. அண்டைக்கே உள்ளதச் செல்லியிருந்தா, நான் ஓம் எண்டுதான் செல்லியிருப்பன். வருத்தம் எல்லாருக்கும் வாறதுதானே."

அவன் கத்தியிருந்தால் அவள் காலில் விழுந்தாவது மன்றாடியிருப்பாள். இப்படி மரியாதையாகக் கதைக்கிற ஆளிடம் எதைப் பிடித்துக்கொண்டு மன்றாடுவது?

"மூணு பேரும் ஒரு வீட்டுக்குள்ள இரிந்தம். ரெண்டு பேருக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியா. இனி நீங்க எதச் செல்லி நான் நம்புற?"

இரண்டு சேர்ட்டை மடித்து எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதுக்கு, தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டான். தலாக் என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. அந்த ஒரு சொல் வரவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டுதான் ஸைனம்பு அடுத்த கிளினிக் வரை நாளை ஓட்டினாள்.

அதே பிள்ளைதான் கவுண்டரில் இருந்தது. "போன தரம் மெசேஜைத் திருப்பி எடுக்கச் சொன்னீங்களே அம்மா. நம்பரை மாத்திவிடவா?"

ஸைனம்பு யோசித்துப் பார்த்தாள். அந்த வீட்டுக்கும் அவனுக்கும் இடையில் மிஞ்சியிருப்பது அந்த நம்பர் ஒன்றுதான். மெசேஜ் போனால் மருந்தோடு வருவான். வாசலுக்கு வந்தவனை உள்ளே கூப்பிடாமலா விடுவார்கள்?

"வேணாம் மகள். அதே நம்பருக்கே அனுப்புங்க."

வீட்டுக்கு வந்து கேற்றைத் திறந்து வைத்தாள். கணவாய் வாங்கி, இந்தமுறை உப்பைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். அஸர் தொழுகைக்குப் பிறகு கேற்றடியில் ஓட்டோச் சத்தம் கேட்டது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓடினாள். கேற்றுக் கம்பியில் பாமசிப் பை தொங்கியது. முன்பின் தெரியாத ஓட்டோக்காரன் ஒருவன் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். பின்சீட்டில் யாருமில்லை.

நுஸ்ஹா வந்து பையைக் கழற்றினாள். குளிசை அட்டைகளைத் தவிர அதற்குள் வேறு எதுவும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்தாள்.

"அடுத்த கிளினிக்குல என்ட நம்பரக் குடுங்க உம்மா. என்ட வருத்தம். எனக்கு வரட்டும்."

ஸைனம்பு சரியென்று தலையாட்டினாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஊரில் எத்தனையோ கவுண்டரில் எத்தனையோ நம்பர் சொல்லியிருக்கிறாள். மகளின் நம்பர் மட்டும் அவளுக்குப் பாடமில்லை.