ஏழு கீறலும் ஒரு சின்னக் கீறலும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் பழைய படைத்துப்பாக்கிக் கழகத்தின் கூட்டக் குறிப்பேட்டில், மார்ச் மாதப் பக்கத்தில், இப்படி இருக்கிறது: "ரைஃபிளின் அடையாளங்கள் உறுதி செய்யப்பட்டன. கைதட்டல்." எழுதியவன் நான். வேறு யாரும் கை தூக்காததால் பதினான்கு வருடமாகச் செயலாளர். அந்த இரண்டு வாக்கியங்களில் ஒன்று உண்மை. கைதட்டினார்கள்.

2

தொடக்கத்துக்கு மூன்று முறை முயன்றேன்.

(அ) "1915, கல்லிப்போலி. குன்றின் மறைவில் குறிபார்த்துக் கிடந்த வீரன்—" சரிப்படாது. ரைஃபிளின் இரும்புக் கழுத்தில் 1916 என்று பொறித்திருக்கிறது. துருக்கிக் கடற்கரையான கல்லிப்போலியிலிருந்து ஆஸ்திரேலியப் படை முழுதும் கப்பலேறிய பிறகு பிறந்தது இது.

(ஆ) "மேற்கு குவீன்ஸ்லாந்தின் செம்மண்ணில் அந்தி கசிந்து—" இப்படி எழுதுகிறவர்களை எனக்கே பிடிக்காது.

(இ) மெர்வின் ஹாலரன் ரைஃபிளை மேசைமேல் வைத்தார்.

மூன்றாவதே இருக்கட்டும்.

3

மெர்வின் எங்கள் தலைவர். ஏப்ரல் 25, போர் நினைவு நாள் அணிவகுப்பில் தாத்தாவின் பதக்கங்களை வலது மார்பில் குத்திக்கொள்வார். இடது மார்பு, போருக்குப் போனவர்களுக்கு. வலது, அவர்களின் பேரன்களுக்கு. மெர்வின் நடக்கிற தோரணையைப் பார்த்தால் அவரே போய்விட்டு வந்ததுபோல் இருக்கும்.

"தாத்தாவோடது. வீட்டு அலமாரிக்குப் பின்னாடி கிடந்துச்சு," என்றார்.

மரக்கட்டையில் டி, 4, கே என்று பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொசுக்கியிருந்தது. அதற்குக் கீழே, கத்தியால் கீறிய ஏழு கோடுகள். கடைசியில் எட்டாவதாக ஒன்று, பாதி உயரத்தில்.

"டி கம்பெனி, நாலாவது பட்டாலியன்," என்றார் மெர்வின்.

"அப்ப கே?" என்றார் பொருளாளர் கிளிஃப்.

"அது ஆராய்ச்சியில இருக்கு."

"1916ன்னு போட்டிருக்கே, மெர்வ்?"

"ரிப்பேர்ல மாத்தியிருப்பாங்கய்யா. இரும்பு புதுசு, கட்டை பழசு. கட்டைதான் தாத்தா கூடவே இருந்தது."

"ஏழும் துருக்கிக்காரனுங்களா?"

"பின்ன, கங்காருவா?"

"இந்தக் குட்டிக் கீறல்?"

மெர்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூட இன்னொருத்தனும் சுட்டிருப்பான். அதான் பாதி போட்டிருக்காரு. தாத்தா நேர்மையான மனுஷன்."

கைதட்டல் இங்கேதான்.

[அடிக்குறிப்பு: அறையில் பதின்மூன்று பேர். பதினொருவர் மாட்டுப்பண்ணைக்காரர்கள். வேலிக்கு அப்பால் நிற்கும் மாட்டின் தொடையைப் பார்த்தே அது யாருடைய சூட்டுக்குறி, எந்த வருடம் கைமாறியது என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு எழுத்து, ஓர் எண்: எங்கள் பக்கத்து மாட்டுக்குறியே அதுதான். அன்று ஒருவருக்கும் கண் தெரியவில்லை.]

4

ஞாயிற்றுக்கிழமை ரைஃபிளை, மெர்வின் சொன்னபடி நான் எழுதிய விளக்க அட்டையோடு, நினைவு மண்டபத்தில் பார்வைக்கு வைத்தோம். பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆன்ட்டி லர்லீன் வந்தார். பழங்குடிப் பெண், ஊரில் எல்லோருக்கும் ஆன்ட்டி. கட்டையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது டார்கில் பண்ணைக் குறி. எங்கப்பா இருபது வருஷம் மாட்டுக்கு இந்தச் சூடு வச்சாரு. கூலி மாவும் சர்க்கரையும்."

டார்கில், மெர்வினின் தாத்தாவுடைய பண்ணை.

"ஆன்ட்டி, ஒருவேளை..."

"நான் சொல்லி முடிச்சுக்கறேன். குட்டையோரம் எங்க ஆளுங்க தங்கியிருந்தாங்க. பண்ணைக்காரங்க வந்து எங்க பெரியவங்க ஏழு பேரைச் சுட்டாங்க. எங்கப்பாவுக்கு அப்ப அஞ்சு வயசு. நாணலுக்குள்ள கிடந்து தப்பிச்சாரு. அவர் தம்பிக்கு மூணு வயசு."

சின்னக் கீறலை அவர் தொடவில்லை.

"அப்புறமும் அதே பண்ணையிலயா வேலை பார்த்தாரு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வேற யாரு மாவு குடுத்தா?" என்றார். பிறகு: "25ஆம் தேதி மெர்வு இதைத் தோள்ல போட்டுக்கிட்டு நடப்பான். பின்னாடி என் பஸ் பிள்ளைங்க நடக்கும். அதுல நாலு எங்க வீட்டுப் பிள்ளைங்க. முடிஞ்சதும் வரிசையா வந்து இந்த அட்டையைப் படிக்கும். மாத்தி எழுது, செக்ரட்டரி."

5

இங்கே ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். மெர்வினுக்குத் தெரியுமா? தெரியும் என்று வைத்து ஒரு வில்லச் சிரிப்பு எழுதி, அடித்துவிட்டேன். அவர் சிரிக்கவே இல்லை. என் மருந்துக்கடைக்கு வந்து, உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"பாவம், அந்தம்மா. ஆனா ஆதாரம் வேணுமில்ல? கட்டையைப் பின்னாடி யாராவது மாத்தியிருக்கலாம்."

"போன வாரம் கட்டைதான் பழசுன்னீங்க."

"போன வாரம் போன வாரம்பா. நீ நல்லா எழுதுறவன். யார் மனசும் நோகாம, பொதுவா எழுது."

பொதுவாக எழுதினேன்: "சேவையில் பயன்பட்ட ரைஃபிள். கட்டையில் காலத்தின் தடங்கள்." மெர்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை நான் எழுதியதில் அதிகம் பாராட்டப்பட்ட வரி அதுதான்.

6

நாளை 25ஆம் தேதி. முடிவுகள் சில கைவசம் உண்டு.

ஒன்று: மெர்வின் அணிவகுப்பின் நடுவே நின்று மன்னிப்புக் கேட்கிறார். (மெர்வினை அறிந்தவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாம்.)

இரண்டு: ஆன்ட்டி பேருந்தைச் சாலையின் குறுக்கே நிறுத்துகிறார். (எல்லா வேலையையும் அவர் தலையில் கட்டிவிட்டு நாம் கைதட்டலாம்.)

மூன்று: செயலாளர் மண்டபத்துக்குப் போய் அந்த அட்டையைக் கிழித்து—

நடந்தது இதுதான். இன்று மாலை ஆன்ட்டி கடை வாசலில் பேருந்தை நிறுத்தி, "எழுதினியா?" என்றார்.

"எழுதிட்டேன், ஆன்ட்டி. பண்ணைப் பேரு, மெர்வின் பேரு, குட்டை, உங்க சித்தப்பா, எல்லாம் இருக்கு."

"காட்டு."

இந்தத் தாள்களைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இது என்ன எழுத்து?"

"எங்க மொழி. தமிழ்."

"இந்த ஊர்ல எத்தனை பேருக்கு இதைப் படிக்கத் தெரியும்?"

"எனக்கு."

தாள்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு எங்க பிள்ளைங்க எதைப் படிக்கும்?"

பேருந்து இன்னும் வாசலில் நிற்கிறது. மண்டபத்துச் சாவி என் சட்டைப்பையில். வாசகரே, கீழே ஓர் அட்டை அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன். எழுதுங்கள். தமிழில் வேண்டாம்.