இருட்டறையில் எரிந்த பல்பு

காளான் பை ஒன்றைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள் கண்ணாயி. ஒரு பக்கம் வைக்கோல் மேல் பஞ்சு படர்ந்தாற்போல வெள்ளை வெளேரென்று இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். மறுபக்கத்திலோ, பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே குண்டூசித் தலை அளவு மொட்டுகள் கிளம்பி, வெளியே வர வழியில்லாமல் நசுங்கி, மஞ்சளாகி அழுகிக்கொண்டிருந்தன. ஒரே பை, ஒரே வித்து, ஒரே வைக்கோல். பாதி மட்டும் ஏன் அழுக வேண்டும்?

இது அவள் பை கட்டித் தொங்கவிட்ட மூன்றாவது ஈடு. முதல் இரண்டும் இப்படித்தான் போயின. வைக்கோலைக் கூடுதல் நேரம் வேகவைத்துப் பார்த்தாள். வித்து வாங்கும் இடத்தை மாற்றினாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பையைத் தொட்டாள். ஒன்றும் பலிக்கவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து நாத்தனார் அத்தாயி எட்டிப் பார்த்தாள். "இந்த ஈடும் போச்சா?"

"பாதிதானுங்க நங்கையா."

"பாதி போனா மீதியும் போகும். ஒவ்வொருத்தர் கைக்கு ஒரு ராசி இருக்கும், கண்ணு. உன்ற கைக்கு ஆடு ஒத்துக்குது, காளான் ஒத்துக்கல. என்ன பண்றது?"

அத்தாயி வீட்டோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. சோளக்காட்டுச் சந்தையிலும் அதையே சொல்லி வைத்திருந்தாள். நல்ல பைகளில் விளைந்ததைக் கூடையில் கொண்டுபோனால்கூட, "இது நீ கட்டுன பையா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள். கண்ணாயிக்கு அலுத்துவிட்டது. இந்த ஈடும் போனால் கொட்டகையை மூடிவிட்டு, மலைக்குக் கீழே நூல் மில் வேலைக்கு வந்து விடுதியில் தங்கிவிடுவதாக அங்கே வேலை பார்க்கும் தோழியிடம் சொல்லியிருந்தாள். மகள் ஆர்த்தியை அத்தாயியிடம் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். அதற்குத்தான் மனம் வரவில்லை.

அவள் கணவன் ராஜதுரை களத்தில் உட்கார்ந்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தான். அக்கா பேசியதெல்லாம் அவன் காதில் விழுந்தது. தலையை நிமிர்த்தவே இல்லை.

காளான் வளரும் விதத்தை இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வித்துப் போட்டுக் கட்டிய பையை இரண்டு மூன்று வாரம் இருட்டில் தொங்கவிடுவார்கள். அந்த இருட்டில்தான் வெள்ளை இழைகள் வைக்கோலைத் தின்று பை முழுவதும் பரவும். பரவி முடிந்ததும் பையைக் கிழித்து, காற்றும் வெளிச்சமும் உள்ள அறைக்கு மாற்றுவார்கள். வெளிச்சம் பட்டதும் இழைகள், 'வெளியே வந்துவிட்டோம், இனி குடை விரிக்கலாம்' என்று மொட்டு விடும். ஆக, காளானுக்கு வெளிச்சம்தான் மணியடிப்பது. முன்கூட்டியே மணியடித்தால், கிழிக்காத பைக்குள்ளேயே மொட்டு விட்டு மூச்சுமுட்டிச் சாகும்.

கண்ணாயிக்கும் இது தெரியும். பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அவளுடைய இருட்டறையில் ஜன்னலே கிடையாது. சுற்றிலும் கறுப்புத் தார்ப்பாய். கதவைச் சாத்தினால் ஊசி முனை அளவு வெளிச்சம்கூட நுழையாது. நடுக்கம்பத்தில் ஒரு பல்பு உண்டு, பை தொங்கவிடும் நாளில் மட்டும் போடுவதற்கு. வயர் மிச்சம் என்று சுவிட்சையும் அதே கம்பத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார் எலக்ட்ரீஷியன்.

அவள் ஒரு வேலை செய்தாள். நன்றாக இருந்த ஓரத்துப் பையை நடுக்கம்பத்தின் அருகே மாற்றிக் கட்டினாள். சில நாளில், கம்பத்தைப் பார்த்த பக்கம் மொட்டு விட்டது. பையைத் திருப்பி வைத்தாள். அந்தப் பக்கமும் விட்டது. கம்பத்துக்கும் காளானுக்கும் என்ன சம்பந்தம்?

அந்த வாரம் காலம் தவறி ஒரு மழை பெய்தது. மறுநாள் பகலில் இருட்டறைக்குள் செல்போன் வெளிச்சத்தோடு போனவள் நின்றுவிட்டாள். கம்பத்தடியில் ஈசல் இறகுகள் உமி கொட்டியதுபோலக் குவிந்து கிடந்தன. மழைக்கு மண்தரையிலிருந்து கிளம்பும் ஈசல் விளக்கைத் தேடித்தான் குவியும். எரியாத விளக்கடியில் எதற்குக் குவிந்தது?

இருட்டறைக்குள் போகிறவர்கள் இரண்டே பேர். கண்ணாயி பகலில் போவாள். அவள் ஆடு கட்டிச் சோறாக்கும் அந்திப் பொழுதிலும், விடிந்தவுடனும் ராஜதுரை போய், அறையின் ஈரம் காயாதிருக்கச் சுவரில் தொங்கும் சாக்குகளை நனைத்துவிட்டு வருவான். டீகூடக் குடிக்காமல் ஓடுவான். 'என்மேல இல்லாத அக்கறை காளான் மேல' என்று அவள் கேலி செய்ததுண்டு.

மதியம் மறுபடி மழை இறங்கியதால் ராஜதுரை மிளகுக் காட்டிலிருந்து சீக்கிரமே வந்தான். கண்ணாயி உள்ளங்கையை அவன் முன் விரித்தாள். நிறைய இறகுகள்.

"ஏனுங்க, இந்த ஈசலுக்கு யாருங்க லைட்டுப் போட்டது?"

"நேத்து அணைக்க மறந்திருப்பேன், புள்ள."

"நேத்து மட்டுமா?"

அவன் துண்டால் தலையைத் துவட்டினான். காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டே இருந்தான்.

கண்ணாயிக்கு ஒவ்வொன்றாகக் கோத்து வந்தது. கல்யாணமான நாளிலிருந்து படுக்கிற அறையில் விளக்கு எரிகிறது. பாம்பு பூச்சி வருமாம். சேலத்துக்குப் போனால் தியேட்டர் வாசலோடு சரி, தலை வலிக்குமாம். ராத்திரியில் கொல்லைப் பக்கம் போக, "கதை சொல்றேன் வா சாமி" என்று மகளைக் கூட்டிக்கொள்வான்.

"உங்களுக்கு இருட்டுன்னா பயமுங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணுக்களே படியான ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, சில்வர் ஓக் மரத்தின் உச்சி வரை ஏறி, ஒரு கையால் மிளகு பறிக்கிற ஆள்! ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"மரத்துல என்ற கை எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும்," என்றான். "இருட்டுல கையே இல்லாத மாதிரி ஆயிருது. நெஞ்சு அடிக்கறது வெளிய கேக்கும். அந்த சுவிட்ச அணைச்சா கதவு வரைக்கும் இருட்டுல நடக்கோணும். என்னால முடியல. அப்படியே உட்டுட்டு வந்துருவேன், விடிஞ்சதும் ஓடிப்போயி அணைச்சுருவேன்."

இருட்டை உள்ளே அடைத்து வைத்த அதே தார்ப்பாய், வெளிச்சத்தையும் வெளியே காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியிருக்கிறது.

"அதனாலதான் காளான் போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது ஈட்டுலயே ஒரு சந்தேகம்."

கண்ணாயிக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "உங்கக்கா ஊரு பூரா என்ற கைய ஏசிட்டுத் திரியறாங்க. நீங்க பக்கத்துல உக்காந்து மிளகு உதிர்த்துட்டு இருந்தீங்க. நான் புள்ளைய உட்டுட்டு மில்லுக்குப் போறேன்னு சொன்னப்பவும் சும்மா இருந்தீங்க!"

"எப்படிச் சொல்லச் சொல்ற? நாப்பது வயசு ஆம்பள இருட்டுக்குப் பயப்படறான்னு தெரிஞ்சா உன்ற அண்ணன் ஒரு நாள் சும்மா இருப்பானா? காட்டுல ஏணி புடிக்கறவன் எல்லாம் சிரிப்பான்."

அவள் கையிலிருந்த இறகுகளை வாசலில் உதறினாள். மழை விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏணியில மொதமொத ஏறுனப்ப பயமே இல்லீங்களா?"

"ஏன் இல்ல? கால் வெடவெடன்னு ஆடும்."

"அப்பறம் எப்படிப் போச்சு?"

"ஒரே நாள்ல உச்சிக்கு யாரும் ஏறமாட்டாங்க. குதிச்சாத் தரையில நிக்கற உயரத்துக்கு மொதல்ல ஏறோணும். கால் ஆடுறப்ப எறங்கவே கூடாது. எறங்குனா அடுத்த நாள் இன்னும் ஆடும். அங்கயே நின்னா ஆட்டம் தானா அடங்கும். அடங்கினப்பறம் எறங்கோணும். அடுத்த நாள் இன்னும் ஒரு கணு..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"அப்ப அதையே பண்ணலாமுங்க," என்றாள் கண்ணாயி.

அவன் தன்னையறியாமல் சொன்னது பெரிய உண்மை. பயம் வந்தால் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், ஓடச் சொல்லும். ஓடிவிட்டால், 'ஓடியதால்தான் தப்பித்தோம்' என்று உடம்பு பாடம் படித்துக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக மிரளும். ஓடாமல் நின்றால், அந்தப் படபடப்பு ஏறிய வேகத்தில் ஏறிக்கொண்டே இருக்க முடியாது. மெல்ல இறங்கித்தான் ஆக வேண்டும். அப்போது உடம்பு வேறு பாடம் படிக்கும். மனநல மருத்துவர்களும் இந்த வழியைத்தான் படிப்படியாகச் செய்யச் சொல்கிறார்கள். தனியே முடியாதவர்கள் அவர்களிடம் போகலாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

கண்ணாயி பயிற்சியாளர் சுகுணாவுக்குப் போன் செய்தாள். யாருக்குப் பயம் என்று சொல்லவில்லை. இருட்டறையில் என்ன விளக்குப் போடலாம் என்று மட்டும் கேட்டாள். வெளிச்சத்தில் உள்ள நீலம்தான் காளானை எழுப்புகிறது, சிவப்பை அது பெரிதாகக் கண்டுகொள்ளாது என்றார் சுகுணா. சாமி படத்துக்கு முன்னால் எரியுமே, அந்தச் சின்னச் சிவப்பு பல்பு போதும். சிவப்பில் இன்னொரு நன்மையும் உண்டு. வெள்ளை விளக்கை அணைத்ததும் கண் குருடானதுபோல் ஆகிவிடும்; இருட்டுக்குப் பழக வெகுநேரம் எடுக்கும். மங்கலான சிவப்பு வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மாறும்போது கண் அவ்வளவு தடுமாறாது.

சுவிட்ச் கதவுக்கு வெளியே வந்தது. நடுக்கம்பத்தில் சிவப்பு பல்பு தொங்கியது. கண்ணாயி மூன்றாவது ஈட்டில் பிழைத்த பைகளைக் கிழித்து வெளிச்ச அறைக்கு மாற்றிவிட்டு, புதிய ஈட்டுக்கு வைக்கோல் நறுக்கத் தொடங்கினாள். மில் தோழியிடம் ஒரு மாதம் தவணை சொன்னாள்.

காலியாக இருந்த இருட்டறையில் ராஜதுரை முதலில் கதவை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு பட்டப்பகலில் நின்றான். பிறகு பாதிக் கதவு. புதிய பைகள் தொங்கிய பிறகு சாத்திய கதவும் சிவப்பு வெளிச்சமும். வாசலில் உட்கார்ந்து கண்ணாயி வைக்கோல் நறுக்குவாள், அவ்வளவுதான். சிவப்பையும் அணைத்த முதல் நாள், நீர் வாளியை உதைத்துத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்து வந்தான். இருவரும் நனைந்தார்கள். "ஒரு கணு எறங்கிக்கலாமுங்க," என்றாள் அவள். மறுநாள் மறுபடியும் சிவப்பு. அதற்குப் பிறகு வந்த ஒரு சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனவன் வெகுநேரம் வரவில்லை. இவளுக்குத்தான் பயமாகிவிட்டது. வெளியே வந்தபோது சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "அடங்கிருச்சு," என்றான். "முழுசா இல்ல. ஆனா அடங்கிருச்சு."

புதிய ஈடு விளைந்தது. கிழித்த பைகளில் எல்லாப் பக்கமும் சிப்பி சிப்பியாக வெள்ளைக் குடைகள். பறித்துக் களத்தில் குவித்தபோது அத்தாயி வந்தாள். மிளகு மூட்டை எடுக்க வந்த கண்ணாயியின் அண்ணன் அர்த்தனாரியும் இருந்தார்.

"அட, இந்த வாட்டி யாரு கை வெச்சது?" என்றாள் அத்தாயி. "நல்ல ராசியான கையா இருக்குதே!"

கண்ணாயி குனிந்தபடி காளானைக் கூடையில் அடுக்கினாள். ராஜதுரை எழுந்து நின்றான்.

"எல்லா ஈடும் அவ கட்டுனதுதானுங்க அக்கா. கெடுத்தது நானு. எனக்கு இருட்டுன்னா பயம். அதை மறைக்க ராத்திரி பூரா லைட்ட எரிய உட்டேன். அதுலதான் காளான் அழுகுச்சு."

அர்த்தனாரி வாய்விட்டுச் சிரித்தார். "மாப்ள! உனக்கா? இனிமே மிளகுக் காட்டுக்குத் தொட்டில் கட்டித் தூக்கிட்டுப் போகோணுமா?"

"சிரிங்க மச்சான்," என்றான் ராஜதுரை சாவதானமாக. "இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் இத்தன நாள் வாயத் தொறக்கல. பழி இவ தலையில உழுந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா என்ற ஊடே ரெண்டாயிருக்கும்."

அர்த்தனாரியின் சிரிப்பு பாதியில் நின்றது. தங்கையைப் பார்த்தார், அவள் நிமிரவில்லை. "தெரியாமச் சொல்லிட்டேன் மாப்ள," என்றார்.

அத்தாயி காளான் ஒன்றை எடுத்துப் பார்த்தபடி நின்றாள். "சின்னதுல இவன் சோறு திங்காட்டி இருட்டுல தள்ளிக் கதவச் சாத்துவேன், பூச்சாண்டி வாரான்னு. வெளையாட்டுன்னு நெனச்சேன்." பிறகு கண்ணாயி பக்கம் திரும்பினாள். "சந்தையில சொன்னத நானே போயி மாத்திச் சொல்றேன் சாமி." கொஞ்சம் பொறுத்துத் தம்பியைக் கேட்டாள். "இப்ப எப்படிடா உள்ள போற?"

"பயம் இருக்கறது தப்பில்லீங்க அக்கா. அத வெச்சுப் புள்ளைங்கள மிரட்டுறதும், பெரியவங்களக் கேலி பண்றதுந்தான் தப்பு. மறைச்ச பயம் அடுத்தவங்களத்தான் கெடுக்கும். அதனால மொதல்ல ஒருத்தருகிட்டயாவது சொல்லிரோணும். சுவிட்ச கதவோரம் வெச்சு, செவப்பு பல்பு மாட்டியாச்சு. தினம் கொஞ்ச நேரம் அதையும் அணைச்சுட்டு உள்ள நிக்கறேன். நெஞ்சு அடிக்கறப்ப வெளிய வாரதில்ல, அடங்கினப்பறந்தான் வாரேன்."