வாப்பா கேட்கச் சொன்னது

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் வாப்பாவின் அடக்கத்துக்கு முந்திய ஜனாஸாத் தொழுகை என்று ஒலிபெருக்கியில் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. நான் இன்னும் ஹட்டன் பள்ளிவாசல் கேட்டுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். றொசல்லத் தோட்டத்துக்கு ஆட்டோ அனுப்பி ஒன்றரை மணித்தியாலம். வீரய்யா அண்ணனைக் காணவில்லை.

"உள்ளுக்கு வாங்க அஸ்லம். மூத்த மகன் ரோட்டுல நின்னா நல்லாவா இருக்கு?" என்றார் மௌலவி. நல்லா இருக்கா இல்லையா என்று பார்க்கிற நிலைமையிலா இருந்தேன்? எரிச்சல்தான் வந்தது.

வந்தவர்களும் வாப்பாவைப் பற்றியே ஒரே பேச்சு. சார்ஜன்ட் ஹலீம் மாதிரி இன்னொருவர் உண்டா, இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்தும் ஒரு வக்துத் தொழுகையை விடாதவர், பதுங்குகுழியில் பிஸ்கட்டும் தண்ணீருமாக நோன்பு பிடித்தவர். எல்லாம் உண்மை. எங்கள் நாலு பேருக்கும் அவர் எழுதிய கடிதங்களில் முதல் வரி 'தொழுதீங்களா', அடுத்த வரி 'உம்மாவுக்குத் தண்ணி தூக்கிக் குடுத்தீங்களா'. லீவில் வந்தால் உம்மாவை உட்காரவைத்துவிட்டுத் தானே ரொட்டி தட்டுவார். ஒன்றாவது வட்டமாக இருக்காது. ஒருவரும் குறை சொல்லாமல் தின்போம்.

ஆனால் கொழும்பு ரயிலில் றொசல்ல வந்தால் மட்டும் ஜன்னலை மூடிவிடுவார். குளிர் என்பார். சுள்ளென்று வெயில் அடிக்கும்போதும் குளிர்.

போன மாதம் படுக்கையில் கிடந்தபடி காரணத்தைச் சொன்னார். தொண்ணூற்றெட்டில் புலிகளைத் தேடி ஒரு ராணுவச் சுற்றிவளைப்பு. றொசல்லத் தோட்டத்து ஆம்பிளைகளை மைதானத்தில் குந்தவைத்து, லீவில் நின்ற வாப்பாவை மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடையாள அட்டை இல்லாமல் அங்கே இருந்தவர்களில் வீரய்யா அண்ணன் ஒருவர். தேயிலைக் கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றுகிறவர், வாரத்தில் மூன்று நாள் எங்கள் கடையில் தேத்தண்ணி குடித்தவர். இவரைத் தெரியுமா என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். தமிழ் பேசும் ராணுவக்காரன் தெரியும் என்று சொன்னால் அடுத்த கேள்வி தன்மேலேயே திரும்பும். வாப்பா "நே சார்" என்றார். தெரியாது என்று. வீரய்யா அண்ணன் பதினாலு மாதம் சிறையில் இருந்தார்.

"எனக்குப் போய்க் கேக்க வெக்கமா இருந்திச்சு மகன். நீங்க கேட்டுடுங்க. என்னைத் தூக்க முன்னுக்கு" என்றார் வாப்பா.

எங்கள் வழக்கம் அது. ஜனாஸாத் தொழுகைக்கு முன் மூத்த மகன் எழுந்து, வாப்பா யாருக்காவது குறை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். எல்லோரும் பொறுத்தோம் என்பார்கள். பள்ளிக்குள்ளே இருந்த ஒருவருக்கும் வாப்பா குறை செய்ததில்லை. குறைப்பட்டவர் பள்ளிக்குள் வருகிறவரும் இல்லை. எனக்கு ஒரு மாதம் இருந்தது. ஹட்டனிலிருந்து றொசல்ல எவ்வளவு தூரம்? கடை, ஆஸ்பத்திரி என்று நாளைக் கடத்தினேன். வாப்பாவின் மகன்தானே நான்.

பாங்கு சொல்லும்போது ஆட்டோ வந்தது. வெள்ளைச் சட்டையில் வீரய்யா அண்ணன் மெல்ல இறங்கினார். வாப்பாவுக்கு மரியாதை செய்யக் கொடியோடு வந்திருந்த ராணுவக்காரர்களைக் கண்டதும் நின்றுவிட்டார். நான் ஓடினேன்.

"அண்ணே, வாப்பா உங்களுக்குச் செஞ்சது தப்பு. அவங்களைப் பொறுத்துக்கங்க. நேரமில்ல."

நேரமில்லை என்று ஏன் சொன்னேன்? இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"இருபத்தாறு வருசம் இருந்திச்சுங்களே தம்பி" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. "அவரு என்னையப் பாத்துக்கிட்டேதான் தெரியாதுன்னாரு. புள்ளகுட்டிக்காகச் சொன்னாரு, அது எனக்கு வெளங்குது. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருந்திச்சுங்க. நான் திரும்பி வாறப்ப சின்னவ இல்ல. காய்ச்சல்ல போயிட்டா. மண்ணு போடக்கூட நான் இல்ல."

உள்ளே தொழுகை தொடங்குவதற்கான இகாமத் சொன்னார்கள்.

"பொறுத்துட்டேன்னு வாயால சொல்லலாம். உங்க பள்ளி வாசல்ல நின்னு பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"இல்ல அண்ணே."

"போங்க தம்பி. தொழுதுட்டு வாங்க. தூக்குற வரைக்கும் நான் நிப்பேன்."

லுஹர் முடிந்தது. வாப்பாவைக் கிடத்தியிருந்த சந்தூக்கை முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். மௌலவி எனக்குக் கண்காட்டினார். எழுந்தேன். வழக்கமான வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன. அவற்றைச் சொன்னால் முந்நூறு பேர் பொறுத்தோம் என்பார்கள், வாப்பா நல்ல பெயரோடு போய்ச் சேருவார். உம்மாவுக்கும் அது போதும்.

"வாப்பா றொசல்ல வீரய்யா அண்ணனுக்கு ஒரு அநியாயம் செஞ்சிருக்காங்க" என்றேன். "தெரிஞ்ச மனுசனைத் தெரியாதுன்னு சொல்லியிருக்காங்க. இப்பதான் கேட்டேன். அவர் பொறுக்கல. வெளிய கேட் பக்கத்துல நிக்கிறார்."

பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். என் தம்பி சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"இனி அது வாப்பாட பொறுப்பு இல்ல, என்ட பொறுப்பு. பொறுக்கச் சொல்லி அவர்கிட்ட இனிக் கேக்க மாட்டேன். அவர் எப்ப வந்து ஏன்னு கேட்டாலும் பதில் சொல்ல நான் இருக்கேன்."

மௌலவி தொழுகைத் திசையான கிப்லாவின் பக்கம் திரும்பி, வரிசையை நேராக்குங்கள் என்றார்.